தொடக்கமும் படைப்பும்: பேரண்டத்தின் ஆரம்பம் கடவுளுக்குச் சான்றாகுமா?

திருச்சபைகளில் நடைபெறும் இளைஞர் கூட்டங்களில் ஒரு வினா திரும்பத் திரும்ப எழுவதை நாம் அறிவோம். "பேரண்டம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்று அறிவியல் கூறுகிறதே, அவ்வாறாயின் அதைத் தொடங்கிவைத்தவர் ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்?" என்று அவர்கள் ஆவலோடு வினவுகின்றனர். நாமும் மகிழ்ந்து, "ஆம், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை இன்றைய அறிவியல் மெய்ப்பித்துவிட்டது" என்று விடையளித்துவிடுகிறோம். அன்றைய கூட்டம் நிறைவாக முடிவடைகிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே இளைஞர் கல்லூரி நூலகத்தில் வேறொரு நூலைப் படிக்கிறார். பேரண்டத்திற்குத் தொடக்க எல்லையே இல்லாதிருக்கலாம் என்று அந்நூல் கூறுகிறது. அப்போது அவர் கைவிடுவது ஓர் இயற்பியல் கருத்தை மட்டுமா, அல்லது தம் விசுவாசத்தையுமா? அவருடைய விசுவாசத்தை நாம் எந்த அடித்தளத்தின்மேல் கட்டினோம் என்பதைப் பொறுத்ததே இதற்கு விடை.

ஆகவே இவ்வினாவை எளிதில் கடந்துபோவது தகாது. இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்து ஒன்றே: பேரண்டத்தின் தொடக்கம் என்பதும் கடவுளின் படைப்பு என்பதும் ஒன்றல்ல. முன்னது இயற்பியல் ஆராயும் பொருள். பின்னது விசுவாசம் அறிக்கையிடும் பொருள். இரண்டையும் ஒன்றாக்குவோர் அறிவியலுக்கும் விசுவாசத்திற்கும் ஒருங்கே தீங்கிழைக்கின்றனர். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலேயே விளக்கிக் காட்டியவர், பெருவெடிப்புக் கொள்கையின் தந்தை எனப் போற்றப்படும் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர் (1894–1966) ஆவார். அவர் உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும் அவரிடமிருந்து சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாமும் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

ஒரு குருவானவரின் இரு கட்டுரைகள்

1917இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டைப் பேரண்டம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். பேரண்டம் விரிவதும் சுருங்குவதுமின்றி என்றும் ஒரே நிலையில் உள்ளது என்பதே அக்காலத்தவர் எண்ணம். தம் சமன்பாடுகள் அதற்கு இணங்காமையால் அவற்றில் ஒரு புதிய உறுப்பை அவர் சேர்த்தார். 1922இல் ரஷ்யக் கணித அறிஞர் அலெக்சாண்டர் பிரீட்மன், அதே சமன்பாடுகளின்படி பேரண்டம் விரிவடையவும் கூடும் என்று காட்டினார். பிரீட்மனின் ஆய்வை அறியாமலே, லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த லெமேத்ர் 1927இல் அதே முடிவை எய்தினார். அதுமட்டுமன்று; தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்லும் வேகத்தையும் அவற்றின் தொலைவையும் அவர் இணைத்துக் காட்டினார். 1929இல் அமெரிக்க வானியலறிஞர் எட்வின் ஹபிள் தம் அளவீடுகளால் இத்தொடர்பை நிலைநாட்டினார். ஹபிள் விதி என வழங்கிவந்த இதனை ஹபிள்–லெமேத்ர் விதி என அழைக்குமாறு பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. லெமேத்ரின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் பேரண்டத்திற்குத் தொடக்கம் கூறப்படவில்லை. எல்லையற்ற கடந்தகாலத்தில் ஏறக்குறைய அசைவற்றிருந்த ஒரு பேரண்டம் மெல்ல மெல்ல விரியத் தலைப்பட்டது என்பதே அதன் கருத்து. 1931 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு சிறு கட்டுரையில்தான், அனைத்தும் ஒரே 'ஆதி அணு'விலிருந்து தோன்றின என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். இரு கட்டுரைகளையும் எழுதியவர் 1923இல் குருத்துவ அருட்பொழிவு பெற்ற ஒரே மனிதர். தொடக்கமில்லாப் பேரண்டத்தைக் கணக்கிட்டபோது அவருடைய விசுவாசம் குன்றவில்லை; தொடக்கமுள்ள பேரண்டத்தைக் கணக்கிட்டபோது அது வளரவுமில்லை.

இதற்கு மறுபுறமாக, லெமேத்ரின் ஆசிரியரான ஆங்கிலேய வானியலறிஞர் ஆர்தர் எடிங்டன், பேரண்டத்திற்குத் திடீர்த் தொடக்கம் உண்டென்னும் எண்ணம் தமக்கு ஒவ்வாதது என்று அதே 1931இல் எழுதினார். எடிங்டன் நாத்திகர் அல்லர். குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். கடவுளை நம்பும் இருவருள் ஒருவர் தொடக்கத்தை ஏற்றார், மற்றவர் வெறுத்தார் என்றால், பேரண்டத்தின் தொடக்கமும் கடவுள் நம்பிக்கையும் நாம் எண்ணுவதுபோல் இறுகப் பிணைந்தவை அல்ல என்பது தெளிவு.

1951ஆம் ஆண்டின் படிப்பினை

1951 நவம்பர் 22ஆம் நாள், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பேரண்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் நிகழ்வில் தோன்றியது என்னும் அக்காலக் கணிப்பை எடுத்துக்காட்டி, ஒளி உண்டாகக் கடவுள் ஆணையிட்ட ஆதி வேளைக்கு அறிவியலே சாட்சி பகர்வதாகத் தோன்றுகிறது என்ற கருத்துப்பட அவர் பேசினார். அவ்வுரையில் எச்சரிக்கைச் சொற்கள் இல்லாமலில்லை. இம்முடிவுகள் மேலும் ஆராயப்பட வேண்டியவை என்றும் அவர் கூறினார். எனினும் உலகம் கேட்டுக்கொண்டது, அறிவியல் படைப்பை மெய்ப்பித்துவிட்டது என்னும் செய்தியையே.

அக்கழகத்தின் உறுப்பினராகிய லெமேத்ர் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ வருந்தினார். தம் கொள்கை இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒரு கருதுகோள் என்பதையும், அது மெய்ப்பிக்கப்பட்டாலும் படைப்புக் கோட்பாட்டுக்குச் சான்றாகாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவர் உரோமைக்குச் சென்று வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவரோடு இதுபற்றிக் கலந்து பேசினார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியலறிஞர்களிடம் போப்பாண்டவர் மீண்டும் உரையாற்றினார். முந்தைய ஆண்டின் வாதத்தை அவர் அங்கு திரும்பக் கூறவில்லை.

லெமேத்ரின் எச்சரிக்கை எத்துணை நியாயமானது என்பதை அதே கூட்டமே காட்டிற்று. ஹபிளின் அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டால் விரிவு தொடங்கி ஏறக்குறைய 180 கோடி ஆண்டுகளே ஆகியிருக்க வேண்டும். ஆனால் பூமியின் சில பாறைகளின் வயதோ அதனினும் அதிகமாகக் கணிக்கப்பட்டிருந்தது. தாயைவிட மகள் மூத்தவளாகத் தோன்றிய இச்சிக்கலுக்கு விடை காணும் வழியை வால்டர் பாடே என்னும் வானியலறிஞர் 1952ஆம் ஆண்டு உரோமைக் கூட்டத்தில் அறிவித்தார். விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் அதுவரை பாதியாகக் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தன என்பதே அவரது முடிவு. ஒரே அறிவிப்பில் பேரண்டத்தின் வயது இருமடங்காயிற்று. இன்று அது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகிறது. திருத்தப்படுவது அறிவியலின் குறையன்று, அதன் சிறப்பே. ஆனால் இவ்வாறு திருத்தப்படும் எண்ணின்மேல் பிரசங்க பீடத்தை அமைப்போர், எண் மாறும்போது தடுமாறுவர்.

ஆதரவும் மறுப்பும் செய்யும் ஒரே தவறு

1948இல் பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகிய மூவரும், பேரண்டம் விரிந்தாலும் புதிய பருப்பொருள் சிறிது சிறிதாக எங்கும் தோன்றிக்கொண்டேயிருப்பதால் அது என்றும் ஒரே தோற்றமுடையது என்னும் நிலைப்பேற்றுக் கொள்கையை வெளியிட்டனர். 'பெருவெடிப்பு' என்னும் பெயரே ஹாயில் 1949இல் பி.பி.சி. வானொலிப் பேச்சொன்றில் மாற்றுக் கொள்கைக்கு இட்ட பெயராகும். திடீர்த் தொடக்கம் என்பது சமயக் கருத்துக்கு இடந்தருவதாகக் கருதியமையும் ஹாயிலின் வெறுப்புக்கு ஒரு காரணம்.

1965இல் அர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும், விண்ணின் எத்திசையிலிருந்தும் ஒரே சீராக வந்தடையும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டனர். பெருவெடிப்பின் வெப்பம் தணிந்து எஞ்சிய சுவடு அது எனப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். 1966 ஜூன் மாதம் மரணப்படுக்கையிலிருந்த லெமேத்ருக்கு இச்செய்தி எட்டியது. ஆயினும் இக்கதிர்வீச்சு புறப்பட்டது விரிவு தொடங்கி ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள் கழிந்த பின்னரே என்பதை நாம் மறத்தலாகாது. அதற்கு முந்திய நிலைகளை அறிவியல் அனுமானித்தே அறிகிறது. முதற் கணத்தை நெருங்கும்போது பொதுச் சார்பியலையும் குவாண்டம் இயற்பியலையும் ஒன்றிணைக்கும் கோட்பாடு தேவைப்படுகிறது. யாவரும் ஏற்ற அத்தகைய கோட்பாடு இன்னும் உருவாகவில்லை. எனவே பெருவெடிப்பு என்பது அனைத்திற்கும் முதற்கணமா, அல்லது முன்னைய நிலை ஒன்றின் தொடர்ச்சியா என்பது இன்றும் திறந்த வினாவே.

இவ்விடத்தில்தான் மறுப்பாளரும் நம்மைப் போலவே தவறுகின்றனர். 1983இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஸ்டீவன் ஹாக்கிங்கும், காலத்திற்குக் கூர்மையான தொடக்க எல்லை இல்லாத ஒரு பேரண்ட மாதிரியை அமைத்தனர். 1988இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் ஹாக்கிங், எல்லையே இல்லையெனில் படைப்பவருக்கு அங்கு என்ன வேலை என்று வினவினார். 2012இல் லாரன்ஸ் கிராஸ், பேரண்டம் ஒன்றுமின்மையிலிருந்து இயற்பியல் விதிகளின்படியே தோன்றக்கூடும் என்று ஒரு நூல் எழுதினார். ஆனால் அவர் பெரிதும் பேசும் 'ஒன்றுமின்மை' குவாண்டம் வெற்றிடமே. அது விதிகளுக்கு உட்பட்டு, ஆற்றல் உடையதாய் விளங்குவது. விதிகளும் ஆற்றலும் இருக்குமிடத்தை ஒன்றுமின்மை என்றழைத்தல் பொருந்தாது. இவர்களும் கடவுளை முதற்கணத்தின் வாயிற்படியில் நிற்பவராக எண்ணிக்கொண்டு, அவ்வாயிலை அடைத்துவிட்டால் அவர் மறைந்துபோவார் எனக் கருதுகின்றனர். அவ்வாயிற்படியில் அவரை முதலில் நிறுத்தியவர்கள் நாமல்லவா?

திருமறை கூறும் படைப்பு

திருமறை படைப்பைப்பற்றிப் பேசும்போது எதைக் கூறுகிறது? படைத்தல் என்னும் பொருளில் வழங்கும் 'பாரா' என்னும் எபிரெய வினைச்சொல்லுக்குப் பழைய ஏற்பாட்டில் கடவுள் ஒருவரே எழுவாயாக வருகிறார். ஆதியாகமம் முதல் அதிகாரம், பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தையொட்டி இறுதி வடிவம் பெற்றது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பாபிலோனியரின் புராணத்தில் மார்டூக் என்னும் தேவன் தியாமத்தைக் கொன்று அவள் உடலால் வானத்தை அமைக்கிறான். ஞாயிறும் திங்களும் அங்கு வழிபடப்பட்ட தெய்வங்கள். ஆதியாகமத்திலோ போர் இல்லை. கடவுளின் சொல் மட்டுமே உண்டு. ஞாயிறும் திங்களும் பெயர்கூடச் சுட்டப்படாமல், நான்காம் நாளில் அமைக்கப்பட்ட விளக்குகளாகவே காணப்படுகின்றன. நாடிழந்து, ஆலயமிழந்து, வென்றவரின் தெய்வங்களே வலியவை என எண்ணத் தூண்டப்பட்ட மக்களுக்கு இதுவே நற்செய்தி. அவர்கள் அறிய வேண்டியிருந்தது பேரண்டத்தின் வயதன்று. தங்கள் வாழ்வு யாருடைய கையிலிருக்கிறது என்பதே.

மேலும் திருமறை படைப்பைக் கடந்துபோன ஒரு நிகழ்ச்சியாக மட்டும் காண்பதில்லை. 104ஆம் சங்கீதம் ஒவ்வோர் உயிரின் மூச்சையும் கடவுளின் இன்றைய படைப்புச் செயலாகப் பாடுகிறது. ஏசாயாவின் 40ஆம் அதிகாரம் முதலான பகுதி, சிறையிருப்பிலிருந்து வரும் விடுதலையையும் படைப்பென்றே அழைக்கிறது. எபிரெயர் 11:3, உலகங்கள் கடவுளின் சொல்லால் உண்டாயின என்பதை விசுவாசத்தினால் அறிவதாகக் கூறுகிறதேயன்றி ஆய்வினால் அறிவதாகக் கூறவில்லை. ஒன்றுமின்மையிலிருந்து படைத்தார் என்னும் கோட்பாட்டை இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகியாவின் தெயோப்பிலுவும் இரேனியுவும் தெளிவுபடுத்தியபோது, கடவுளுக்கு இணையாக என்றுமுள்ள பருப்பொருள் வேறில்லை என்பதை நிலைநாட்டுவதே அவர்கள் நோக்கமாயிருந்தது.

இவ்வேறுபாட்டை எளிய உவமையால் விளக்கலாம். குயவன் வனைந்த பானை, குயவன் இறந்த பின்னும் இருக்கும். பாடுபவரின் பாட்டோ, அவர் பாடும்வரை மட்டுமே இருக்கும். படைப்பைப் பானையாக எண்ணுவோர் அது வனையப்பட்ட நாளைத் தேடுகின்றனர். பாட்டாக எண்ணுவோருக்கு அதன் ஒவ்வொரு கணமும் பாடுபவரையே சார்ந்து நிற்பது விளங்கும். ஏறக்குறைய 1270இல் தாமஸ் அக்குவினாஸ் இதை வாதித்தார்: உலகம் தொடக்கமின்றி என்றும் இருந்ததெனக் கொண்டாலும் அது கடவுளாலேயே இருக்கும், உலகத்திற்குத் தொடக்கம் உண்டென்பதை நாம் அறிவது வெளிப்பாட்டினாலன்றித் தருக்கத்தினாலன்று.

தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இவ்வுண்மை அயலார் சமயத்திலும் தென்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, தோன்றி நின்று ஒடுங்கும் இவ்வுலகிலிருந்து இறைவன் உண்டென்னும் முடிவுக்குச் செல்கிறது. ஆயினும் உலகிற்கு முதற்காரணமாகிய மாயை அநாதி என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. முற்றான தொடக்கத்தை ஏற்காமலே இறைவனை ஏற்றவர்கள் நம் அயலார். ஆதலால் பெருவெடிப்பை கிறிஸ்தவத்தின் உடைமைபோல் காட்டி அவர்களோடு வாதிடுவது பொருந்தாது.

சான்றும் சாட்சியும்

அப்படியானால் பேரண்டம் கடவுளைப்பற்றி ஒன்றும் கூறவில்லையா என்று கேட்கலாம். ஒன்றுமே இல்லாதிருப்பதற்குப் பதிலாக ஏதேனும் ஒன்று ஏன் இருக்கிறது என்னும் வினாவை 1714இல் லைப்னிட்ஸ் எழுப்பினார். எந்த இயற்பியல் சமன்பாடும் இவ்வினாவைத் தீர்ப்பதில்லை. சமன்பாடு பொருந்துவதற்கு ஏதேனும் ஒன்று முன்னரே இருந்தாக வேண்டும். ஆனால் இவ்வினாவைக் கேட்க மறுப்போரும் உளர். 1948இல் பி.பி.சி.யில் இயேசு சபைக் குரு கோப்பிள்ஸ்டனோடு வாதிட்ட பெர்ட்ரண்ட் ரஸல், பேரண்டம் இருக்கிறது, அவ்வளவே என்னும் நிலையில் நின்றார். அவரை வாதத்தால் அசைக்க இயலவில்லை. கடவுள் உண்டென்பது மறுக்கவொண்ணாக் கணிதத் தேற்றமாக நிறுவப்படுவதன்று என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இருப்பதன் வியப்பு நம்மை வினவச் செய்யும். விடையை ஏற்கும்படி கட்டாயப்படுத்தாது.

1944 மே 29ஆம் நாள், பெர்லினின் தேகல் சிறையிலிருந்து டீட்ரிக் போன்ஹோஃபர் தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். இயற்பியலின் உலகநோக்கைப்பற்றி வைத்சேக்கர் எழுதிய நூலை அவர் அப்போது படித்துக்கொண்டிருந்தார். நம் அறிவின் குறைகளை நிரப்பும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவின் எல்லை விரிய விரியக் கடவுள் பின்வாங்கிக்கொண்டேயிருப்பார். நாம் அறியாதவற்றில் அன்று, அறிந்தவற்றிலேயே கடவுளைக் காணவேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஓராண்டுக்குள், 1945 ஏப்ரல் 9ஆம் நாள், அவர் தூக்கிலிடப்பட்டார். மரணத்தின் நிழலில் வாழ்ந்த அவருக்கு அறிவியலின் இடைவெளியில் ஒளிந்திருக்கும் கடவுள் போதுமானவராயிருக்கவில்லை.

லெமேத்ரும் இதை உணர்ந்திருந்தார். 1931ஆம் ஆண்டுக் கட்டுரையின் தட்டச்சுப் படியில், கடவுள் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்று கூறும் ஓர் இறுதிப் பத்தி இருந்தது. அதை அச்சுக்கு அனுப்புமுன் அவரே அடித்துவிட்டார். தாம் நம்பாததால் அன்று. அறிவியல் கட்டுரையில் அதற்கு இடமில்லை என்பதால் அடித்தார் என்றே நாம் கொள்ளலாம். மறைந்திருக்கும் கடவுளைப்பற்றி ஏசாயா 45:15 பேசுகிறது. 1518இல் ஹைடல்பர்கில் நடந்த வாதத்தில் லூத்தர், படைக்கப்பட்டவற்றின் வாயிலாகக் கடவுளை எட்டிப்பிடிக்க முயலும் மகிமையின் இறையியலை மறுத்து, சிலுவையின் பாடுகளில் மறைந்திருந்து தம்மை வெளிப்படுத்தும் கடவுளை அறிவதே மெய்யான இறையியல் என்றார். தொலைநோக்கியின் எல்லையில் நாம் தேடும் கடவுள், எருசலேமின் புறத்தே மரத்தில் தொங்கினார் என்பதே நம் அறிக்கை.

இனி அந்த இளைஞருக்கு என்ன விடை கூறுவோம்? பெருவெடிப்புக் கொள்கையை அச்சமின்றிக் கற்குமாறு அவரை ஊக்குவிப்போம்; அது நாளை திருத்தப்படினும் கலங்கவேண்டியதில்லை என்றும் கூறுவோம். பேரண்டம் எவ்வாறு விரிந்தது என்பதை வானியலறிஞரிடம் கேட்கட்டும். அது ஏன் இருக்கிறது, அதில் தாம் யாருக்குரியவர் என்பதை நம்மோடு அமர்ந்து கேட்கட்டும். அவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடை ஒரு கணக்கின் முடிவாக இராமல், நாம் நம்பியிருப்பவரைப்பற்றிய சாட்சியாக இருக்கட்டும். அவ்வாறு கட்டப்பட்ட விசுவாசம் கல்லூரி நூலகத்தின் எந்த நூலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.